காக்கைச் சோறும் கறுப்பு வெள்ளை நாயும்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12 மணி 40 நிமிடம். ஆடி 19, அமாவாசை. மேற்கே மேகம் மூடி மலை தெரியவில்லை. காற்று விட்டு விட்டு அடித்தது. 11.50 முதல் 12.05 வரை சாரல் விழுந்து நின்றிருந்தது. வெயில் இல்லை.

வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்புறம் மூன்று பேர் நின்றிருந்தோம்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி மகன். மதில் மேல் ஒரு துண்டு வாழையிலையில் சோறும் பருப்பும் நெய்யும், வாழைக்காய்ப் பொரியலும், ஓர் உளுந்த வடையும் இருந்தன. மதிலிலிருந்து 22 காலடி தள்ளி வேப்பமரத்தடியில், மடித்துப் போட்ட சாக்கின் மேல் எங்கள் நாய் படுத்திருந்தது. காக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

காக்கை வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் அன்று கூடுதலாக ஒன்று இருந்தது. ஆடி அமாவாசைக்குள் காக்கை வந்து சோறெடுக்காவிட்டால் நாயை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று மனைவி ஜூன் மாதமே சொல்லியிருந்தாள். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். கல்யாணமாகி 49 வருடத்தில் அவள் என்னிடம் நிபந்தனை போட்டது இது இரண்டாவது முறை. முதல் நிபந்தனை சிகரெட். அதில் அவள்தான் ஜெயித்தாள்.

நான் பொதுப்பணித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் 21 வருடம் ஆற்றில் ஓர் அணைக்கட்டில் நீர்மட்டம் குறிக்கும் வேலை. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒருமுறை. ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஆறு இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். மாத்திரை, படிக்கட்டு, பால்காரர் தாமதமாக வந்த நிமிடங்கள், பக்கத்து வீட்டுத் தென்னையில் காயும் குரும்பையும். எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. தூக்கம் வராத வயதில் இது ஒன்றும் கெட்ட பழக்கம் இல்லை.

எனக்கு 76, மனைவிக்கு 71. ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். இரண்டு கிழங்கள் தனியாக இருக்கிறோமே என்று அவள்தான் நாய் வளர்க்கச் சொன்னாள். சுலபமாகப் பழக்கக்கூடிய புத்திசாலி நாய்கள் என்று ஒரு பட்டியலையும் செல்போனில் அனுப்பினாள். அதில் இருந்த பத்துப் பெயர்களையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எங்கள் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று குறித்தேன். 17 நாள் ஆயிற்று.

அந்தக் குறிப்பு இன்றைக்கும் யாருக்காவது உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு சொன்ன சொல் தட்டாது, வீட்டுக்குக் காவல். ஆனால் அது கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தால் என் வயதுக்காரன் தெருவில் விழுவான். இடுப்பு எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? லாப்ரடார் சாது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுபோல் வேறில்லை. ஆனால் தின்னக் கொடுத்தால் நிறுத்தத் தெரியாது, கேட்டால் மறுக்க என் மனைவிக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் ஆறு மாதத்தில் நாய் உரலாகிவிடும். கோல்டன் ரெட்ரீவர் அதே குணம், அதைவிட அதிக முடி. பூடில் படு கெட்டி, முடியும் கொட்டாது. ஆனால் அதற்கு மாதாமாதம் முடி வெட்ட வேண்டும்; எனக்கு வெட்டுகிறவரே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறார். டாபர்மேன் படத்தைப் பார்த்ததுமே மனைவி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நம்மூர் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பட்டியலில் சேர்க்காதது எனக்கு வருத்தம்தான். அவற்றுக்கும் மூளை உண்டு. ஆனால் சொன்னதைச் செய்யலாமா என்று யோசித்துவிட்டுச் செய்யும். வீட்டில் அப்படி யோசிப்பதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறாள்.

பட்டியலில் முதலாவதாக இருந்தது பார்டர் கோலி. ஆட்டுமந்தை மேய்க்கிற சாதி. கறுப்பும் வெள்ளையும். அதற்கு நேரே நான் எழுதியது: 'புத்தி அதிகம். வெயில் ஆகாது. வேலை கொடுக்காவிட்டால் வீட்டைப் பிரிக்கும். நமக்கு வேண்டாம்.' இதை எழுதி எட்டாம் நாள் அந்த நாயே வீட்டுக்கு வந்தது.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு வங்கி அதிகாரிக்கு வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்கு மாற்றலாயிற்று. கொண்டுபோக வழியில்லை. பதினான்கு மாதப் பெட்டை நாய், பழகிய பண்டம், காசு வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அது என் முன்னால் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. வேலை கேட்டு வருகிற ஆள் பார்ப்பதுபோல் இருந்தது. கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன். வீடு வருகிறவரை 612 காலடி, ஓர் இடத்தில்கூட இழுக்கவில்லை.

மனைவி இரண்டே விஷயம் சொன்னாள். அது அடுக்களை நிலையைத் தாண்டக் கூடாது. அவள் அதைத் தொட மாட்டாள். சைவ வீடு, பூசை அறை அடுக்களையை ஒட்டி இருக்கிறது, அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் சாயங்காலமே நிலைப்படியைத் தாண்டாமல் இருக்கப் பழக்கினேன். ஏழு முறை சொன்னேன். எட்டாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை. இன்றுவரை தேவைப்படவில்லை.

இந்த வீட்டில் அதற்குப் பரிசு இட்லி. முட்டைக்கும் இறைச்சிக்கும் வழியில்லை. அதற்கு வேண்டிய சத்துக்குக் கடையில் விற்கிற நாய்த்தீனி உண்டு. பழக்கும்போது கொடுக்க ஓர் இட்லியைப் பதினாறாக வெட்டி டப்பாவில் வைத்துக்கொள்வேன். வாசலில் விழும் செய்தித்தாளைக் கிழிக்காமல் கொண்டுவர ஆறு முறை ஆயிற்று. என் கைத்தடியை எடுத்துவர ஐந்து முறை. நான் மிகவும் பெருமைப்படுவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எனக்கும் மனைவிக்கும் பொது வியாதி. தொட்டி நிரம்பிக் குழாயில் தண்ணீர் கொட்டியதும் என்னிடம் ஓடிவந்து மூன்று முறை குரைக்க வேண்டும் என்று பழக்கினேன். பதினோரு முறையில் கற்றுக்கொண்டது. 21 வருடம் நான் நீர்மட்டம் பார்த்தேன். இப்போது என் வீட்டு நீர்மட்டத்தை ஒரு நாய் பார்க்கிறது.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் மிச்சச் சில்லறை கொடுக்கிற மாதிரியே பேச்சும் இருக்கும்.

"அப்ப துறையில வாரிசு வேல வாங்கிக் கொடுத்துட்டீருன்னு சொல்லும் வே. பென்சன் உண்டா அதுக்கு?"

எனக்குக் கோபம் வரவில்லை. பெருமை வந்தது.

வெயில்தான் ஒரே கவலை. நம்மூர் வெயிலுக்கு அந்த ரோமம் ஆகாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. காலை ஐந்தரைக்கு நடை, மாலையில் தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுடாவிட்டால்தான் நடை. நடுப்பகலில் நனைத்த சாக்கு, மின்விசிறி. குளிர்மலைச் சாதியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வெயிலில் கட்டிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதையெல்லாம் செய்ய நேரம் இல்லாதவர்கள் இந்த நாயை வாங்கக் கூடாது. எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

பங்குனி வந்தது. மனைவி வருடா வருடம் கூழ்வற்றல் போடுவாள். மொட்டைமாடியில் நான்கு பழைய வேட்டி விரித்து, கரண்டியால் வட்ட வட்டமாக 640 வற்றல். அவள் பெங்களூருக்கு அனுப்ப, தம்பி வீட்டுக்குக் கொடுக்க. முதல் நாள் காக்கைகள் 37 எடுத்துவிட்டன. கறுப்புக் குடையை விரித்து வைத்தேன், பழைய செருப்பைத் தொங்கவிட்டேன். மறுநாளும் வந்தன. காக்கைக்கு என்ன பயம்?

அப்போதுதான் நாயின் ஞாபகம் வந்தது. வேலை வேலை என்று கேட்கிற நாய், இதோ ஒரு வேலை. காக்கையைக் காட்டி 'விரட்டு' என்றேன். அது குரைத்துக்கொண்டு ஓடவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் காக்கை மேல் வைத்து நகர்ந்தது. காக்கைகள் குரைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பார்வையைப் பொறுக்கவில்லை. எழுந்து போய்விட்டன. என் நோட்டில் அந்த நான்கு நாள் கணக்கு: வந்த காக்கை 14, 6, 1, 0. அதன் பிறகு 26 நாள் சைபர்.

தெருவில் பேச்சாயிற்று. வற்றல் போட்டிருந்த இரண்டு வீட்டில் நாயை இரவல் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரே மதிலருகே வந்து, நாய்க்கு 'காக்கை விரட்டும் கண்டக்டர்' என்று பட்டம் கொடுத்தார். "டிக்கெட் இல்லாம ஒரு காக்காவும் ஏற முடியல வே" என்றார். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த மாதம் நான் தூங்கின அளவுக்கு அதற்கு முன் ஐந்து வருடத்தில் தூங்கவில்லை.

வற்றல் காய்ந்து டப்பாவில் போயிற்று. வேட்டிகளை மடித்து வைத்தோம். நாய் மட்டும் வேலையை முடிக்கவில்லை. மொட்டைமாடியை விட்டு இறங்கி, முருங்கை மரம், மின்கம்பி, பின்மதில் என்று எல்லையை விரித்துக்கொண்டது. எங்கள் வீட்டைச் சுற்றிக் காக்கைச் சத்தமே இல்லாமல் போயிற்று. நான் அதையும் சைபர் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், கொரோனாவில் போனான். வயது 58. ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோனார்கள். மகனை மட்டும் அனுமதித்தார்கள். அவள் முகம் பார்க்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் அமாவாசைக்கு மட்டும் காக்கைக்கு வைப்பவள், மறுநாளிலிருந்து தினமும் சோறு வடித்ததும் முதல் கைப்பிடியைப் பின்மதிலில் வைக்கத் தொடங்கினாள். டப்பா மூடியை மூன்று தட்டு தட்டி, 'கா, கா' என்று கூப்பிடுவாள். பல காக்கை வரும். அதில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் மடங்கியிருக்கும். அது பன்னிரண்டரைக்கு மேல்தான் வரும். தம்பியும் எந்த வீட்டுப் பந்திக்கும் நேரத்துக்கு வந்தவன் இல்லை. ஒருநாள் அவள் தனக்குத்தானே "வந்துட்டான்" என்று சொன்னது பின்னறையில் இருந்த எனக்குக் கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாய் அந்த மதிலையும் எடுத்துக்கொண்டது. அதற்கு அவள் மூடியைத் தட்டுவது காக்கை வரப்போகிறது என்பதற்கு அறிவிப்பு. தட்டிய உடனே மதிலடியில் போய்ப் பதுங்கிவிடும். எனக்குத் தெரியும். பார்த்திருக்கிறேன். என் நாய்க்கு எவ்வளவு மூளை என்றுதான் பார்த்தேன். மாலையில் அவள் காய்ந்த சோற்றை இலையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

அவள் உடனே சொல்கிற ஆள் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள், எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் நின்று சொன்னாள்.

"உங்க நாயி ஒரு காக்காவ அங்கன அண்ட விடமாட்டேங்கு. பத்தொம்பது நாளா வச்ச சோறு வச்சபடி இருக்கு. நீங்க நோட்டுல சைபர் சைபர்னு எழுதிச் சந்தோசப்படுதீய."

அவள் எண்ணியிருக்கிறாள் என்பதே எனக்கு அதிர்ச்சி. வெயில் காலம், காக்கைகள் ஆற்றங்கரைக்குப் போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மே மாதம் முழுவதும் அதையே சொன்னேன். ஜூன் முதல் வாரம் ஒரு மழை பெய்து வெயில் தணிந்தது. என் சமாதானமும் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் அவள் நிபந்தனை சொன்னாள். ஆடி அமாவாசைக்குத் தம்பி மகன் தூத்துக்குடியிலிருந்து வருவான், ஆற்றில் தர்ப்பணம் பண்ணிவிட்டு நம் வீட்டில்தான் சாப்பிடுவான், அன்றைக்குள் காக்கை வர வேண்டும், வராவிட்டால் இந்த நாய் இந்த வீட்டில் வேண்டாம். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

நாயை அந்த நேரத்தில் கட்டிப்போட்டுப் பார்த்தேன். கட்டிய இடத்திலிருந்தே மதிலை முறைத்தது. ஒரு காக்கையும் வரவில்லை. உள்ளறையில் அடைத்தேன். மூடி தட்டும் சத்தம் கேட்டதும் கதவைப் பிறாண்டிக் குரைத்தது. அதட்டினேன். ஒருமுறை பிரம்பை ஓங்கிவிட்டேன். அது அசையாமல் என் முகத்தைப் பார்த்தது. என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிற பார்வை. பிரம்பை முறித்துப் போட்டேன்.

ஊரின் மறுகோடியில், பேட்டையில் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தொழிற்பேட்டை அருகே நாய்களைப் பழக்கிக் கொடுக்கிறார். நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் என் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தார். அரைமணி நேரம் அதோடு விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாயி மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. நீங்க ஒரு வேலைக்கு வச்சீய, அது பாக்குது. வேல முடிஞ்சுபோச்சுன்னு என்னைக்காவது அதுகிட்டச் சொன்னீயளா?"

இல்லை என்றேன். 34 வருடம் சர்க்கார் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு உத்தரவு கொடுக்கத் தெரியவில்லை.

அவர் சொன்ன வழி சுலபமானது. இந்தச் சாதி நாயிடம் 'செய்யாதே' என்று சொல்லிப் புண்ணியம் இல்லை. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். மூடி தட்டினால் வேப்பமரத்தடிச் சாக்கில் போய்ப் படுக்க வேண்டும், எழுந்திரு என்று சொல்லும்வரை படுத்தே கிடக்க வேண்டும். அதுதான் அதன் புது வேலை. பத்து நாள் போதும் என்றார். நான் டப்பாவைத் தட்டிப் பழக்குகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். தட்டுகிறது யார்? அம்மாதானே? அப்போது அம்மாதான் பழக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது, உங்களைப் பார்த்தால் அதற்கு விரட்டுகிற ஞாபகம்தான் வரும்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் யோசித்தேன். தொட மாட்டேன் என்று சொன்னவள் அவள். நாய் போக வேண்டும் என்று சொன்னவளும் அவள். அவளே வந்து நாயைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்க வேண்டும். மூன்று நாள் சொல்லவில்லை. நான்காம் நாள் சொன்னேன். அவள் அடுக்களைக்குள் போனாள். இட்லியை வெட்டும் சத்தம் கேட்டது. பதினாறு இல்லை, கைக்கு வந்தபடி வெட்டினாள்.

நான் பின்னறை ஜன்னலுக்குள் இருந்துதான் பார்த்தேன். முதல் நாள் அவள் இட்லித் துண்டை நாயின் முன்னால் எட்டி நின்று போட்டாள். மூன்றாம் நாள் கையை நீட்டினாள். நாய் அவள் விரல் படாமல் எடுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் அவள் அதன் தலையில் கை வைத்திருந்ததைப் பார்த்தேன். வைத்ததை அவளே கவனித்ததாகத் தெரியவில்லை. வங்கி அதிகாரி கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தை எதுவும் அவளுக்குத் தெரியாது. "படு ஏட்டி", "பைய இரு", "எந்திரி". அவ்வளவுதான். ஏட்டி என்பது எங்கள் பக்கம் பெண் பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தை. மகளை அப்படித்தான் கூப்பிட்டாள்.

பேட்டைக்காரர் பத்து நாள் சொன்னார். ஒன்பதாம் நாளில் முடிந்தது. மூடியில் முதல் தட்டு விழும்போதே நாய் சாக்கை நோக்கி நடக்கும். எத்தனை முறை பழக்கினாள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். நான் எண்ணியிருந்தேன்: 268.

ஆனால் காக்கைகள் வரவில்லை.

இதைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நாயைப் பழக்கலாம், காக்கையை யார் பழக்குவது? அதற்கும் மூளை இருக்கிறது, அதுவும் நாயைவிட நீண்ட ஞாபகம். மூன்று மாதம் விரட்டியதை ஒன்பது நாளில் மறக்குமா? வேறு நோட்டு போட்டேன். ஜூலை முதல் வாரம், தெருக்கோடிச் செல்போன் கோபுரத்தில் 4. பன்னிரண்டாம் தேதி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் 2. இருபத்தேழாம் தேதி, எங்கள் முருங்கை மரத்தில் 1, மதிலுக்கு 18 காலடி. அது சோற்றைப் பார்த்தது, நாயைப் பார்த்தது, போய்விட்டது. மறுநாள் வரவில்லை. அமாவாசை வந்துவிட்டது.

தம்பி மகன் காலையிலேயே வந்து குறுக்குத்துறையில் முழுகி, தர்ப்பணம் பண்ணிவிட்டு வந்தான். படித்துறையில் நிற்க இடமில்லையாம். மனைவி நான்கு மணிக்கே எழுந்து சமைத்திருந்தாள். 12.29-க்கு மூடியைத் தட்டினாள். நாய் போய்ப் படுத்தது. 12.40-க்கும் காக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"வே, இன்னைக்கு ஊர்க் காக்கா பூராவும் ஆத்தங்கரையில பிண்டம் தின்னு ஏப்பம் விட்டுக்கிட்டுக் கெடக்கும். உம்ம வீட்டு வடைக்கு எவன் வருவான்?"

அதையும் நான் யோசிக்கவில்லை. வருடத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள். அது காக்கைகளுக்கு வயிறு நிறைந்த நாள். அவர் கேலி செய்துவிட்டுப் போய்விடவில்லை. தன் வீட்டு மொட்டைமாடிக்கு இப்போதுதான் இரண்டு வந்து போனது, இலையை இங்கே கொடுங்கள், நான் வைக்கிறேன், எடுத்தால் எடுத்ததுதானே என்றார். தம்பி மகன் அத்தையைப் பார்த்தான். பசி காதடைக்கு என்று என்னிடம் காலையிலிருந்து இரண்டு முறை சொல்லியிருந்தான். அவளிடம் சொல்லவில்லை.

"அவனுக்கு இந்த மதிலுதான் தெரியும்" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தலையை எடுக்கவில்லை, அப்படியே நின்றார்.

12.52-க்கு ஓர் அணில் மதில் மேல் ஓடி வந்து வடையின் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போனது. நாயின் காது இரண்டும் எழுந்தன. உடம்பு எழவில்லை. 1.04-க்குக் காற்றில் இலை புரண்டது, தம்பி மகன் போய்ச் சரிசெய்தான். சாரல் மறுபடி தூறியது. நாயின் முதுகு நனைந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்தால் நனையாது, நகரவில்லை. நாற்பது நிமிடம் ஒரு நாய் அசையாமல் கிடப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். எந்தப் பட்டியலிலும் இதை எழுதியிருக்கவில்லை. காக்கை வராவிட்டாலும் நாளைக்கு இதை யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாய் யார் வீட்டில் இருக்கும் என்றும் நினைத்தேன். யாருக்குக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் நான்கு வீட்டை எண்ணி, நான்கையும் அடித்துவிட்டேன்.

1.17-க்கு முருங்கை மரத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. மதிலுக்கு இறங்கியது. இலைக்கு மூன்றடி தூரத்தில் நின்று தலையைச் சாய்த்து நாயைப் பார்த்தது. நாயின் முன்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. எனக்கு இந்த உடம்பு தெரியும். இன்னும் ஒரு வினாடி போனால் பதுங்கும். நான் வாயைத் திறந்தேன். மனைவி என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி நிறுத்தினாள்.

"பைய இரு, ஏட்டி."

நாய் மோவாயைச் சாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது? பார்வைக்குத்தான் காக்கைகள் பயந்தன, அதை மூடிக்கொண்டது. நான் கற்றுக்கொடுக்காதது. அவளும் கற்றுக்கொடுக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

காக்கை இரண்டு தத்தலில் இலைக்கு வந்து, சோற்றில் ஒரு வாய் எடுத்தது. பிறகு வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. மனைவி அதன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்புரை வந்த என் கண்ணுக்கு அவ்வளவு தூரத்தில் காக்கை விரல் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரல் என்று சொன்னார்.

"எந்திரி வா" என்று நான் நாயைக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தது. படுக்கச் சொன்னவள் அவள்; அவள் சொன்னால்தான் எழும். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் "எந்திரி" என்றாள். ஒரே துள்ளலில் வந்தது. அவள் அடுக்களைக்குள் போய் ஒரு வடையைக் கொண்டுவந்து, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் குனிந்து, பிட்டுப் பிட்டு ஊட்டினாள். நாய்க்கு வடை ஆகாது, எண்ணெய், அதிலும் உப்பு என்று நான் சொன்னேன். இன்றைக்கு ஒருநாள் என்றாள். 1.31-க்கு இலை போட்டோம்.

நாயைக் கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. இப்போதும் என்னிடம் யாராவது பார்டர் கோலி வளர்க்கலாமா என்று கேட்டால், நேரம் இருந்தால் வளர்க்கலாம், ஆனால் எந்த வேலை கொடுத்தாலும் அது எப்போது முடியும் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பிறகு அந்த நாற்பத்தெட்டு நிமிடத்தைச் சொல்கிறேன். கேட்டவர் போதும் என்கிறவரை சொல்கிறேன்.

2025 பங்குனியில் மனைவி மறுபடி வற்றல் போட்டாள். காக்கைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. முதல் நாள் 52 போயிற்று. மொட்டைமாடி நிழலில் நாய் படுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடி தட்டாமலே படுத்திருந்தது. விரட்டு என்று சொல்ல என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. டவுனுக்குப் போய்ப் பறவை வலை வாங்கி வந்து கட்டினேன்.

நாய் இனாம். பேட்டைக்கு ஆட்டோ போக வர மூன்று தடவை 1,080. நீளக் கயிறு 240. பழக்கியவர் காசு வாங்க மறுத்ததால் அவருக்கு வேட்டியும் பழமும் 780. வலை 1,170. இட்லியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆக மொத்தம் 3,270 ரூபாய்.